ஆண்கள் பக்கத்து மிச்சம்

பாத்திரத்தில் திராட்சை ரசம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

பார்த்தால் குறைகிற சாமானா அது.

பெண்கள் பக்கம் முழுக்க வந்து, பீடத்துக்கு முன்னிருந்த கிராதியருகே முழங்காலிட்டு, வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாயிற்று. அவர்களும் உதட்டை நனைத்ததோடு சரி.

ஆண்கள் பக்கத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

அந்தச் சபைச் சேகரத்துக்கு முதல் பெண் குருவானவர் அவள். வந்து மூன்று வாரம். அப்பமும் ரசமும் கொடுத்து அவள் நடத்தும் முதல் திருவிருந்து இது.

ஒரு பொம்பிளையிடம் கைநீட்டி வாங்குவதா என்று டீக்கடையில் பேசி முடிவெடுத்திருந்தார்கள். முடிவெடுத்துக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகம். அவளுக்கு மேலான அத்தியட்சருக்கு ஏற்கெனவே ஒரு மொட்டை மனு போயிருந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் என்ன? நான்கு பக்கம் எண் போட்டு, இடதுபக்கம் ஓரம் விட்டு மனு எழுத அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்.

வராதவர்கள் பெயராவது கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

திருவிருந்துக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் பெயர் கொடுப்பது அங்கே வழக்கம். ஆண்கள் எல்லோரும் கொடுத்தார்கள். பெயர் கொடுக்காவிட்டால் வீட்டில் கேள்வி வரும். கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் இருந்தால் மூட்டுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் பெயர்களை நம்பினாள். நூற்று நாற்பது பேருக்கு ஊற்றினாள்.

ஜெபித்து அர்ப்பணித்ததைக் கீழே கொட்டக் கூடாது. குப்பியில் திரும்ப ஊற்றக் கூடாது. அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது. பீடத்தில் நிற்கிறவர்தான் முடிக்க வேண்டும். அதுவும் சபை பார்க்க, அங்கேயே.

கடையில் வாங்கிய ரசமாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

இது அருமைநாயகத்தின் மனைவி ஞானாபரணம் போட்டது. கறுப்புத் திராட்சை, சீனி, கோதுமை, நாற்பது நாள் ஜாடி. அந்த அம்மாள் ஜாடியைத் திறக்கிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகூடக் கொஞ்சம் நிதானமாகத்தான் நடக்கும்.

இவளுக்கு முன்பு குருவாக இருந்த ஐயர் ஆள் நல்ல ஆகிருதி. ஒரு ஈஸ்டரில் மூன்று மடக்கு மிஞ்சியது. முடித்தார். பிறகு ஆசீர்வாதத்தை இரண்டு தரம் கூறினார். கல்யாண அறிவிப்பில் மாப்பிள்ளையின் அம்மாவையே பெண்ணாக வாசித்தார்.

மூன்றே மடக்குக்கு.

இவள் ஒல்லி. நேற்று இரவிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை.

பீடத்திலிருந்து இறங்க மூன்று படிகள். ஒன்றில் கால் பிசகினால் போதும். இரண்டாம் மனுவுக்குக் கையெழுத்தே போட்டுவிடுவார்கள்.

பாடகர்கள் கடைசிச் சரணத்தை நான்காம் முறையாகப் பாடினார்கள். அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை.

அவள் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

முதல் மடக்கு தொண்டையைச் சுட்டது.

இரண்டாவது, காதுமடலுக்கு ஏறியது.

பெண்கள் பக்கத்தில் ஞானாபரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள்.

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

மூன்றாவது மடக்குக்கு அவள் மூச்சை இழுத்தபோது பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது.

அருமைநாயகம் எழுந்திருந்தார்.

வெளியே போகப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவர் வேட்டியைச் சரிசெய்தார். முன்னே நடந்தார். கிராதியைப் பிடித்து முழங்காலிட்டபோது மூட்டில் நெட்டி முறிந்த சத்தம் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்டது. மூட்டுவலி என்று சொன்னதில் பொய் இல்லைதான்.

அவள் முகத்தைப் பார்க்காமல், கிராதியிடம் பேசுகிறவர் மாதிரி முணுமுணுத்தார்.

"நம்ம வீட்டுல போட்டது. ஒத்தைல முடிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

அவள் அப்பத்தை வைத்தாள். பாத்திரத்தைச் சாய்த்தாள். அவர் உதட்டை நனைத்ததோடு விடவில்லை. தொண்டைக்குழி மூன்று தரம் ஏறி இறங்கியது.

அப்புறம் இன்னொரு பெஞ்சு. அப்புறம் ஒரு வரிசை.

பக்தியா, பரிதாபமா, சார்வாள் மட்டும் குடிப்பதா என்ற ஆதங்கமா? ஊர் இதை இன்னும் தீர்க்கவில்லை.

கடைசி ஆள் எழுந்து போனபோது பாத்திரத்தில் ஒரு மிடறுதான் இருந்தது. அவள் குடித்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குடித்தாள். வெள்ளைத் துணியால் துடைத்தாள்.

ஆசீர்வாதத்தை ஒரே தரம் கூறினாள்.

மூன்று படிகளையும் எண்ணி இறங்கினாள். மூன்றுதான் இருந்தன. தரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஆராதனை முடிந்து போகிறவர்களுக்கு வாசலில் நின்று கைகொடுப்பது வழக்கம். அருமைநாயகம் கடைசியாக வந்தார். பெஞ்சுகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பின்னால் ஞானாபரணம் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்றார். வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த மாசம் கொறச்சு ஊத்திராதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மணக்கும்.

அவரும் அதற்குமேல் திறக்கவில்லை.