இடது விலாவுக்குக் கீழே

அறையில் இருப்பவர்கள்: கடைசி வருட மருத்துவப் பரீட்சைக்கு வந்த பிரபாவதி, பரீட்சைக்காகப் படுக்கவைத்த நோயாளி, பள்ளிப்பட்டில் தறி ஓட்டும் சேட்டு, அட்டெண்டர் சுலோச்சனா.

ஜன்னல் வெயில் சேட்டின் மொட்டைத் தலையில், காய்ந்த சந்தனத்தின்மேல் விழுகிறது. கோயில் மலையிலிருந்து மைக் சத்தம். மூலையில் கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் அதைத் தொடக்கூடாது. பிரபாவதி நேற்றே வார்டில் இவருடைய பதிவைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாள். ‘வயிறு இயல்பு.’ ஒரு வாரமாக அதே வரி. முதல்நாள் எழுதியதையே எல்லோரும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவளும் நாலு வருடம் அப்படித்தான், அடுத்தவர் எழுதியதையே ஒப்பித்துப் படித்தாள். “இன்னாம்மா, கை இப்டி ஜில்லுனு கீது? பயமா?” என்கிறார் சேட்டு. “பேசாதீங்கண்ணா. மூச்ச நல்லா இழுங்க.” இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்துகிறாள். அவர் மூச்சை இழுக்க, உள்ளேயிருந்து கெட்டியாக ஒன்று இறங்கி வந்து விரல்நுனியில் முட்டுகிறது. மண்ணீரல். வீங்கிய மண்ணீரல். படத்தில் மட்டுமே பார்த்தது. “இன்னொரு தடவண்ணா!” மறுபடியும் முட்டுகிறது. காது சூடாகிறது, சிரிப்பு வருகிறது. “சும்மா இளிச்சிக்கினு கீறியே, வயித்துல கொழந்த உதைக்குதா?” என்கிறார் சேட்டு.

“நேரமாச்சு, உள்ள கூப்புடுறாங்க” என்கிறாள் சுலோச்சனா. உள்ளறையில் பரீட்சை எடுக்கும் டாக்டர் கையிலும் அந்தக் கம்ப்யூட்டர் பதிவுதான். அதைச் சொன்னால் பாஸ். மாற்றிச் சொல்லித் தப்பானால் இன்னும் ஆறு மாதம். பிரபாவதி ஓடாத குறையாகப் போகிறாள். வாசலைத் தாண்டும் முன்பே, “சார், மண்ணீரல் வீங்கியிருக்கு, கையில பட்டுச்சு!” என்று கத்திவிடுகிறாள். அடுத்துப் பரீட்சைக்கு வரும் பிள்ளைகள் காதில் விடை விழக்கூடாதென்று சுலோச்சனா அவசரமாகக் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.