ஐம்பத்தஞ்சு கிலோ

பக்கவாதத்தில் படுத்துவிட்ட சென்னியப்பன், மனைவி சாந்தாமணி தினமும் கொப்பரை மூட்டையைத் தூக்கித் தூக்கி இறக்குவதைக் கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கம்மணி இது?”

“மாசமாசம் வர்றது நின்னுபோச்சுங்களே. எலும்பு தேயாம இருக்க எடை தூக்கச் சொன்னாங்க டாக்டரம்மா.”

மாதாமாதம் மூட்டையில் கொப்பரையைக் கூட்டினாள். ஒருநாள் அவரையே உற்றுப் பார்த்தாள்.

“நீங்க எத்தனை கிலோங்க?”

“அம்பத்தஞ்சு.”

அன்றே கட்டிலிலிருந்து கிணறு வரைக்கும் அடி எண்ணி நடந்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் ஒரு காலையில் அவரை அள்ளித் தூக்கினாள். கிணறு நெருங்க நெருங்க அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“சாந்தாமணி, வேண்டாம்…”

துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, முதுகில் வெந்நீரை ஊற்றினாள்.

“பக்கத்து ஊட்டு ஆளுக முன்னால துணியில்லாமக் குளிக்கக் கூசுனீங்களே. இனி தூக்கறதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாமுங்க.”