பெட்ரூமை மறைத்த கோபுரம்

மொட்டை மாடியில் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நின்ற சின்னையனின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மூக்கும் ஒழுகியது. அக்குளில் இடுக்கியிருந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு தேவதர்ஷினிக்கு மனசு என்னவோ செய்தது.

"இதை மறைச்சுத்தான் நீ வீடு கட்டணுமாம்மா?" என்றார் சின்னையன். எதிரே வெள்ளைக் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் கிடந்தன தேவதர்ஷினியின் கொல்லைப்புறமும் அதை ஒட்டிய பின்சந்தும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டை இடித்து, மனையை விற்றுவிடலாம் என்று குதித்த அண்ணன்கள் இருவரையும் அவள் கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். முன்கட்டு அப்படியே இருக்கும். கொல்லையில் மாடி எழுப்பி ஆளுக்கொரு ஃபிளாட். கீழே உள்ள இரண்டையும் அண்ணன்கள் பிடித்துக்கொண்டார்கள், உச்சி மாடி அவளுக்கு.

அந்த உச்சி மாடியைத்தான் சின்னையன் கட்டவிடவில்லை. பெருமாளையே மறைக்கிறாள் என்று தெருவைக் கூட்டி வேலையை நிறுத்திவிட்டார்.

"பெரியப்பா, அது இல்லைன்னா நான் காலம் பூரா தென்னூர்ல வாடகை வீட்டுலதான் இருக்கணும்," என்றாள்.

இன்ஜினியர் அனீஸ் குறுக்கே வந்தார். "ஐயா, இப்படித் தெற்கே திரும்பிப் பாருங்க. ராஜகோபுரமே தெரியுது."

"அது ஊருக்கே தெரியுது தம்பி. எனக்கு இந்தப் பக்கந்தான். மூட்டு வலி, கோயில் வரைக்கும் நடக்க முடியல. சாயங்காலம் என் வீட்டுக்காரி பாப்பாயி கோயிலுக்குக் கிளம்பினதும் நான் இங்க ஏறி வந்துடுவேன்."

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. காக்கையைக்கூடக் கட்டிப்போடுகிற பக்தி என்று தேவதர்ஷினி வியந்துபோனாள்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கும்மா. டாக்டர் வாயைக் கட்டிட்டாரு. வீட்டுல பாப்பாயி அவருக்கு மேல. எனக்குன்னு மிச்சமிருக்கிற சந்தோஷம் இது ஒண்ணுதான்."

தேவதர்ஷினி கரைந்தே போனாள். "அனீஸ், மேல இந்த மூலையை விட்டுடுங்க."

"மேடம், அந்த மூலைதான் உங்க பெட்ரூம். அதை விட்டா ஹாலும் கிச்சனுந்தான் மிஞ்சும். எங்க படுப்பீங்க?"

"ஹால்ல பாயைப் போட்டுக்கறேன். ஒருத்தர் சாமி கும்பிடறதை மறைச்சுட்டு எனக்குத் தூக்கமா வரும்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. அந்த அறைக்கு என்ன கலர் பெயின்ட் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள், பாவம்.

"நல்லா இருப்பம்மா!" சின்னையன் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பார்வை மட்டும் கிழக்கேயே இருந்தது.

அனீஸின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், லாரிக்காரன் மணலைக் கொண்டுவந்து பின்சந்துல கொட்டிட்டானாம். ஆள் நடக்கக்கூட வழியில்லையாம்."

"சந்துலயா?" சின்னையனின் முகம் வெளிறியது. "அப்ப எல்லாரும் எந்த வழியா வருவாங்க?"

"முன்வாசல் வழியாத்தான்," என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. மூச்சு வாங்க, கையில் துளசியும் பிரசாதமுமாகப் பாப்பாயி நின்றிருந்தாள்.

சின்னையன் திடுக்கிட்டுத் திரும்பியதில் அக்குளில் இருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. காக்கைகள் அத்தனையும் அதன்மேல் பாய்ந்தன.

"பெரியம்மா, பெரியப்பா நிம்மதியாக் கோபுரம் கும்பிடட்டும்னு என் பெட்ரூமையே விட்டுட்டேன்," என்றாள் தேவதர்ஷினி, கண்ணைத் துடைத்தபடி.

பாப்பாயி காக்கைகளை விரட்டினாள். துண்டை எடுத்து உதறினாள். பாதி கடித்த மிளகாய் பஜ்ஜி ஒன்று உருண்டு வந்து தேவதர்ஷினியின் காலடியில் நின்றது.

"இவரு பாக்கறது கோபுரத்தை இல்லம்மா, சந்துல நான் வர்றேனான்னு. நீ நல்லா மறைச்சே கட்டு!"