கரையை வெட்டியவர்

"அந்த ஆளுக்கு இன்னா திமிரு பாத்தியா! ரொம்பி நிக்கிற தாங்கலை யாராவது வெட்டி வுடுவாங்களா?"

பாஞ்சாலி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

தாங்கல் என்றால் சின்ன ஏரிதான். கோதண்டத்தின் பாட்டன் சொத்து, பழைய மண்கரை. ஆனால் அதில் தண்ணீர் நின்றால்தான் தெருவில் போர்வெல் ஊறும். கரைக்குக் கீழேயே லைன் வீடு கட்டி, ஒரகடம் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள் பாஞ்சாலி. போர் வற்றினால் அவர்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். வயிறு எரியாதா பின்னே?

கோதண்டம் முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் அவருடைய கழனிக்குள்ளேயே பாய்ந்தது. கதிர் வாங்கின நெல் மொத்தமும் முழுகிக் கிடந்தது.

"ஏங்க ஐயா, மதகைத் தொறந்தா போதாதா?" என்றான் வசந்தகுமார். பாஞ்சாலியிடம் குடியிருக்கிறவன். நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தான்.

"துருப்புடிச்சிப் போச்சுப்பா. அசைய மாட்டேங்குது."

"சும்மா கதை வுடாத மாமா!" பாஞ்சாலி பாய்ந்தாள். "தாங்கலைக் காயவெச்சி குடோன்காரனுக்கு விக்கப் பாக்கற. இல்லன்னா சொந்தப் பயிரை எவனாவது முழுகடிப்பானா? இல்லன்னு சொல்லு பாக்கலாம்!"

கோதண்டம் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார்.

"தப்புத்தாம்மா. மன்னிச்சிக்கோங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஜெயித்த தெம்பில் பாஞ்சாலி வீட்டுக்குத் திரும்பினாள்.

லைன் வீட்டுக்குப் பின்னால் கோதண்டத்தின் மனைவி கிளியம்மாள், நனைந்த புடவையோடு கரையோரம் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூட்டை அடுக்கின இடத்தைப் பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள்.

அது அவள் தோண்டின பள்ளம். லைன் வீட்டுத் தரையை மேடாக்க, யாருக்கும் தெரியாமல் டிராக்டர் வைத்துக் கரையைச் சுரண்டின இடம். மூட்டைகளுக்கு நடுவே இன்னமும் தண்ணீர் கசிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் பையன்கள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காலைல பாத்தோம்" என்றாள் கிளியம்மாள். "இங்க ஒடைஞ்சிருந்தா ஒரு புள்ள தப்பாது. அதான் எங்க கழனிப் பக்கமா வெட்டி வுட்டாரு."

பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தால் தேவலை என்றிருந்தது.

"அய்யோ அக்கா... ஊரே அந்த ஏச்சு ஏசுச்சே! அப்பவாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டாத்தானே?" கிளியம்மாள் அடுத்த மூட்டையைத் தூக்கினாள். "விஷயம் தெரிஞ்சா பையனுங்க பயந்துபோய் காலி பண்ணிடுவாங்களாம். அப்புறம் பாஞ்சாலி எப்பிடிப் பொழைக்கும்னு கேக்கறாரு."