பதினாறு அம்பியர்

தேநீருக்குக் கேத்திலைச் செருகியவன் கஜீபன்தான். அதற்கு முப்பத்திரண்டு மாணவர்கள் சாட்சி.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால் ஒரே கட்டடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் அவனுடைய பௌதிகவியல் ரியூசன். மற்றதில் தர்மிளாவின் தையல் வகுப்பு. இரண்டுக்கும் சேர்த்து கரண்ட் சுமை கூடினால் தானாக விழும் ஒரேயொரு ட்ரிப் சுவிச், அதுவும் அவள் பக்கத்துச் சுவரில்.

கேத்தில் முனகத் தொடங்கியதும் டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. பக்கத்து அறையில் இரண்டு அயன் பெட்டிகளும் ஆறிப்போயின. கலியாணச் சட்டை ஒன்று அரைவாசிச் சுருக்கத்தோடு மேசையில் கிடந்தது.

அவன் போய் மன்னிப்புக் கேட்டான்.

எட்டு மாதமாகப் பக்கத்து அறையில் இருப்பவளோடு அவன் பேசிய முதல் வசனம் அதுதான். கண்ணாடிக்கு முன்னால் நின்று இதைவிட நல்ல வசனங்கள் பல பாடமாக்கி வைத்திருந்தான். ஒன்றும் வாயில் வரவில்லை.

அன்றே கேத்திலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

ஆனாலும் அடுத்த நாள் நாலு மணிக்குக் கரண்ட் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது.

ஒவ்வொரு முறையும் கஜீபன் குற்றவாளி முகத்தோடு போய்ச் சுவிச்சைத் தூக்கிவிடுவான். ஏன் விழுகிறது என்று கேட்டால் ஒருநாள் மழை என்பாள், ஒருநாள் அணில் என்பாள், இன்னொருநாள் ஊசியில் நூல் கோர்ப்பாள். பாவம் பார்த்து ஒரு பிளேன்ரீயும் தருவாள். கேத்தில் இல்லாதவன்தானே.

மூன்றாவது வாரம் அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒரு மனுசியின் தொழிலை இப்படிக் கெடுக்கலாமா? பஸ் நிலையத்தடியில் வேறு அறை பார்த்தான். வியாழன் பின்னேரம் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த வியாழன் பாடம், தடையும் வலுவும்.

உதாரணத்துக்குக் கேத்திலையே எடுத்தான். 230 வோல்ற், பத்து அம்பியர். பிரித்தால் தடை 23 ஓம், பெருக்கினால் வலு 2300 வாற். அயன் பெட்டி ஒன்றுக்கு 4.6 அம்பியர், தடை 50 ஓம், வலு 1058 வாற். கேத்திலும் இரண்டு அயன் பெட்டியும் ஒன்றாக வேலை செய்தால் 19.2 அம்பியர். சுவிச் தாங்குவதோ பதினாறு. விழாமல் என்ன செய்யும்?

முன்வரிசையில் யதுர்ஷிகா கையை உயர்த்தினாள்.

"கேத்தில் இல்லாட்டி, சேர்?"

கழித்தான். 9.2. மின்விசிறியையும் பல்பையும் கூட்டிப் பார்த்தான். அப்போதும் பத்தைத் தொடவில்லை.

ஆறு வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கணக்கைப் படிப்பிக்கிறவன், தன்னுடைய அறைக்கு ஒருநாளும் அதைச் செய்து பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. மணி நாலு. பின்வரிசை சிரித்தது.

வெண்கட்டி பிடித்த கையோடு போனான். தர்மிளாவின் வகுப்புப் பிள்ளைகள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். அயன் பெட்டிகள் இரண்டும் அலுமாரிக்குள் இருந்தன. மேசையில் இரண்டு கோப்பைகளில் ஆவி பறந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு பஸ் நிலையத்தடிக்கு மாறுகிறது, இனி அவளுக்குக் கரைச்சல் இல்லை என்றான். போவதற்கு முன் ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லச் சொன்னான். பத்து அம்பியருக்கு ஏன் விழுகிறது?

தர்மிளா ஒரு கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள்.

"முதல் நாள் மட்டும்தான் அது தானா விழுந்தது, சேர். மற்ற நாளெல்லாம் நான்தான் நிப்பாட்டினனான். வேற என்னெண்டு உங்களை இஞ்சால வரப்பண்ணுறது?"