முதல் பக்கம்

மிர்தோவின் மொட்டைத் தலையை முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

ஏதென்ஸில் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் எவனோ ஒளிந்திருந்து எடுத்த படம். தலையில் முடியில்லை. புருவமும் இல்லை. மேலே கொட்டை எழுத்தில், 'மிர்தோவுக்குப் புற்றுநோய்!' ஆச்சரியக்குறி வேறு.

டிவி சீரியலில் நாடே பார்க்கிற முகம். எங்களுக்கு அவள் இந்தத் தெருவில் வளர்ந்த பெண். அப்பா அனெஸ்திஸ் என் பெட்டிக்கடைக்கு எதிரே மூன்றாம் மாடி. போன வருஷம்தான் மனைவியை இதே நோய்க்குப் பறிகொடுத்தார். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். நேற்றுகூட என்னிடம், "மகளுக்கு ஷூட்டிங் அதிகமாம், ஈஸ்டருக்குத்தான் வருவாளாம்" என்றார்.

அவருக்குத் தெரியாது.

தினமும் பத்து மணிக்கு இறங்கி வருவார். நான் கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் பேப்பர்களை நின்றபடியே வரிசையாகப் படிப்பார். எங்கள் தெசலோனிகி நகரில் எல்லோரும் அப்படித்தான். வாங்குகிறவன் எவனுமில்லை.

பத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. கடைமுன் ஒரே கூட்டம்.

"இவனுங்கல்லாம் மனுஷங்களா? ஒரு பொண்ணோட வியாதிய விக்கிறானுங்க!" என்று கத்தினார் கோஸ்மாஸ், ரிட்டயர்டு வாத்தியார். கத்திக்கொண்டே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சின்ன எழுத்தையும் படித்தார்.

"பிரபலம்னா அந்தரங்கமே கிடையாதா வாத்தியாரே? சட்டம் போட்டு உள்ள தள்ளணும்!" என்றான் டாக்ஸி ஓட்டும் ஸ்தாவ்ரோஸ்.

"தள்ளணும்டா. மொதல்ல நீ கொஞ்சம் தள்ளு, நிழல் விழுது."

வாத்தியார் போனை எடுத்துப் பேப்பரைப் படம் பிடித்தார்.

"எதுக்கு?" என்றேன்.

"பேஸ்புக்ல போடப்போறேன். 'வெட்கக்கேடு'ன்னு எழுதி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"எது தெரியட்டும்?"

வாத்தியார் ஒரு விரலால் 'வெட்கக்கேடு' என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அனுப்புங்க வாத்தியாரே" என்றான் ஸ்தாவ்ரோஸ். பிறகு என்னிடம் திரும்பினான். "பெரியவர் வர்ற நேரமாச்சே. இத ஏன்யா மாட்டி வச்சிருக்க?"

"பேப்பர் விக்கிறவன் மாட்டத்தான் செய்வான். நீ ஏன் படிக்கிற? இனிமே எடுத்து என்ன பிரயோஜனம்? ரேடியோ எப்பவோ மேல போயாச்சு."

எல்லோரும் மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ரேடியோ என்பது மூலை வீட்டு விதவை. யார் வீட்டில் சண்டை, யார் மருமகள் பெட்டியைக் கட்டினாள், எல்லாம் அவள் வாயில்தான் ஒலிபரப்பாகும். காலை ஆறரைக்கு நான் க்ளிப் மாட்டும்போதே வந்தாள். படத்தைப் பார்த்தாள். வாங்க வந்த பாலைக்கூட வாங்காமல் எதிர்க் கட்டடத்துக்குள் ஓடினாள்.

"பாவி, இந்நேரம் கிழவரைக் கொன்னிருப்பா" என்றார் வாத்தியார்.

"அவ வாயில பினாயிலத்தான் ஊத்தணும்" என்றான் ஸ்தாவ்ரோஸ்.

எதிர்க் கதவு திறந்தது. அனெஸ்திஸ் வந்தார். அவர் கையைப் பிடித்தபடி ரேடியோ.

கூட்டம் விலகி வழிவிட்டது. படத்தை மறைத்துக்கொண்டு நிற்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"என்னப்பா இன்னிக்கு இவ்வளவு கூட்டம்?" என்றார் பெரியவர். "எனக்கு நாளே சரியில்ல. கண்ணாடியக் காணோம். ரிமோட்ட அமுக்கினா டிவி வரல. இவளும் காலைலேர்ந்து வீடு பூராத் தேடுறா."

கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கைவிரலே புகைதான். பேப்பருக்கு அரை அடியில் முகத்தை வைத்துக் கண்ணை இடுக்கினார்.

"யாரு இந்த மொட்டை? கால்பந்து கோச்சா?"

பெரியவர் வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிங்க வாத்தியாரே."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். அதோடு சரி. ஸ்தாவ்ரோஸ் தன் ஷூவைப் பார்த்தான்.

"இவங்க படிச்சுக் கிழிச்சாங்க. நான் படிக்கிறேன்" என்றாள் ரேடியோ. "'தொடர் தோல்வி, கோச் நீக்கம்.' கீழ, 'பெட்ரோல் விலை ஏறுது.' அதுக்கும் கீழ ஒரு மந்திரி மூஞ்சி. காலங்காத்தால அது வேண்டாம்."

பெரியவர் சிரித்தார். பிறகு அந்தப் படத்தை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

"பாவம். அவனையும் ஒருத்தன் பெத்திருப்பான்ல?"

"வாங்க, மேல காபி ஆறுது" என்று அவள் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் க்ளிப்புகளைக் கழற்றினேன். மூன்றரை மணி நேரம் தாமதமாக. அதற்குள் வாத்தியாரின் 'வெட்கக்கேடு'க்கு முன்னூறு லைக்.

பன்னிரண்டரைக்கு ஒரு டாக்ஸி நின்றது. தலையில் துணி கட்டிய மிர்தோ இறங்கினாள். வாத்தியாரின் கை சட்டைப்பைக்குப் போனது. நான் முறைத்தேன். கை திரும்பி வந்தது.

"அப்பாவுக்கு...?" என்றாள் என்னிடம்.

"தெரியாதும்மா."

"ஏழு மணிக்கு முன்னாலயே போன் வந்துச்சு. 'மொத ஃப்ளைட்டப் புடிச்சு வா. அவருக்கு நீதான் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு ஈ உள்ள நுழையாது'ன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ தனியாக இறங்கி வந்தாள். ஏப்ரன் பையில் கைவிட்டு என் மேஜைமேல் வைத்தாள். ஒரு மூக்குக்கண்ணாடி. இரண்டு ரிமோட் பேட்டரி.

"நாளைக்கு அவர்கிட்ட குடுத்துடு. கண்ணாடிய இங்க விட்டுட்டுப் போனதா சொல்லு. பேட்டரிய நீயே வாங்கி வச்சதா சொல்லு. இப்ப என் பாலைக் குடு."

முப்பது வருஷமாக வருகிறாள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. பாலை நீட்டும்போது கேட்டேன்.

"எவந்தியா" என்றாள்.