கணவர் பெயர்

"ஜெயசீலன்."

யாரும் எழவில்லை.

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வருகிற ஒவ்வொரு முகமும் தன் ஊர்க்காரர் முகமாகத் தெரிந்தது. முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டான்.

ரேஷன் கடையில் எடை போடுகிறவனுக்கு ஒளிய ஏது இடம்? அதனால்தான் நாற்பது நிமிஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். பால்வினை நோய்ப் பிரிவு செவ்வாய்க்கிழமைகளில் சாயங்காலமும் உண்டு.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர். வேலை முடிந்து வந்தவர்கள், வேலை முடியவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஜெயசீலன். ஜெயசீலன் இருக்காரா?"

எந்த மடையன் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. கடையில் தினமும் இதே கூத்துதான். கார்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கத்துவான். ஆள் எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது முறைதான் உறைத்தது.

அந்த மடையன் அவனேதான். சீட்டு போடும்போது பேர் கேட்டார்கள். எதிரே தெரிந்த மருந்துக்கடைப் பலகையில் இருந்த பேரைப் படித்துச் சொல்லியிருந்தான்.

எழுந்து போனான். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தன் பேரு ஞாபகம் இருக்கிறதில்ல. உள்ள போங்க."

ஊசி போட்டார்கள். போன மாதம் வெளியூரில் செய்த தப்பு அதோடு போயிற்று என்று நினைத்தான். போகவில்லை. மனைவியும் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் அவளுக்குத்தான் ஆபத்து என்றார் டாக்டர்.

நர்ஸ் அவளுக்கென்று ஒரு அட்டை எடுத்தாள். பேர் கேட்டாள்.

இதற்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

சண்முகக்கனி என்றான்.

ஊருக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. ஏறினான். இறங்கினான். டீ வாங்கினான், குடிக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பேசாமல் அட்டையை அவள் கையில் கொடுத்துவிடலாம். படித்துக்கொள்ளட்டும். கோழைத்தனம்தான். வேறு வழி தெரியவில்லை.

அட்டையை எடுத்துப் பார்த்தான்.

சண்முகக்கனி. க/பெ ஜெயசீலன்.

பதினோரு வருஷம் தன்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு, ஒரு மருந்துக்கடைக்காரனைப் புருஷனாக்கி வைத்திருந்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். பிறகு ஓடினான்.

நர்ஸ் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர்.

"சிஸ்டர், அட்டையில புருஷன் பேரு தப்பா இருக்கு."

"நீங்க சொன்னதத்தான எழுதினேன்."

"ஆமா."

அவள் பேனாவைத் திறந்தாள்.

அவன் முகக்கவசத்தைக் கழற்றினான். கடையில் கார்டைப் பார்த்துக் கூப்பிடும் அதே குரலில் தன் பேரைச் சொன்னான்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.